டெக் கம்பெனி பிறந்த கதை படமாக வருகிறதா? ரிலீஸுக்குள் செய்ய வேண்டிய வேலைகள்

நமக்குப் பிடித்த ஒரு டெக் கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்று படம் வரப்போகிறது. டைரக்டர் பெயர் வந்துவிட்டது, ஹீரோ கலைந்த தலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்டில்லும் வந்துவிட்டது, ரிலீஸுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. இந்த இடைவெளியில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அந்த ஒரு ஸ்டில்லைப் பெரிதாக்கிப் பார்த்து ஆள் அசல் மாதிரி இருக்கிறாரா இல்லையா என்று சண்டை போடுவதுதான். அதைவிட உருப்படியான வேலைகள் இருக்கின்றன, அவற்றைச் செய்துவிட்டுப் போனால் படம் இன்னும் நன்றாக இருக்கும். படம் சுமாராக இருந்தாலும்கூட காசு வீணாகாது.

இந்த வகைப் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கண்டுபிடிப்பு, பணம், புகழ் என்று போஸ்டரில் என்ன போட்டாலும், கடைசியில் எல்லாப் படமும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: இதை ஆரம்பித்தது உண்மையில் யார்? அந்தக் கேள்விக்குப் படம் என்ன பதில் சொல்லப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் தயாரிப்பு. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

கதை யார் வாயிலிருந்து வருகிறது?

முதல் வேலை இது. படம் எந்தப் புத்தகத்தை வைத்து எடுக்கப்படுகிறது, அந்தப் புத்தகத்துக்கு யார் பேட்டி கொடுத்தார்கள், யார் கொடுக்க மறுத்தார்கள் என்று பாருங்கள். பட அறிவிப்பு வந்த முதல் நாள் செய்தியிலேயே புத்தகத்தின் பெயர் இருக்கும், நாம்தான் நடிகர் பெயரைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போயிருப்போம்.

ஃபேஸ்புக் பிறந்த கதையைச் சொன்ன 'தி சோஷியல் நெட்வொர்க்' 2010-இல் வந்தது. அதற்கு அடிப்படை, பென் மெஸ்ரிக் 2009-இல் எழுதிய புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு மார்க் ஸக்கர்பர்க் பேசவே இல்லை. ஆரம்பத்தில் பணம் போட்டு, பிறகு ஓரங்கட்டப்பட்டு வழக்குப் போட்ட எட்வர்டோ சாவரின்தான் முக்கியமாகப் பேசியவர். இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். பார்க்கிறவன் மனசு யார் பக்கம் போகிறது? எட்வர்டோ லேப்டாப்பை மேசையில் அடித்து உடைக்கும் இடத்தில் நமக்கும் கோபம் வருகிறதே, அது சும்மா வரவில்லை. திரைக்கதை எழுதிய ஆரோன் சோர்கின் அதோடு நிற்காமல் வழக்கு விசாரணை அறையையே கதைக்குச் சட்டகமாக மாட்டி, ஒவ்வொருவரும் தன் பக்கத்தைச் சொல்லட்டும் என்று விட்டார். இவ்வளவும் ரிலீஸுக்கு முன்பே ஊகிக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

'பிளாக்பெரி' படம் (2023) வேறு மாதிரி. அது பத்திரிகையாளர்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது, அதனால் யாரையும் தூக்கிப் பிடிக்காமல் எல்லாரையும் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் பற்றி 2015-இல் வந்த படத்துக்கு வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு அடிப்படை, கூடவே ஜாப்ஸோடு சேர்ந்து ஆப்பிளை ஆரம்பித்த ஸ்டீவ் வாஸ்னியாக் ஆலோசகராக இருந்தார். அந்தப் படத்தில் வாஸ்னியாக் பாத்திரம் நியாயம் கேட்கிற மனிதராக வந்து நிற்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆக ஒரு எளிய கணக்கு. நிறுவனரே தயாரிப்பாளர் பட்டியலில் இருந்தால் கரடுமுரடான இடங்கள் தேய்க்கப்பட்டிருக்கும். பிரிந்து போன கூட்டாளி பேசியிருந்தால் அது துரோகக் கதை. பத்திரிகையாளர் எழுதியதென்றால் நடுவில் எங்கேயோ இருக்கும். எப்போதும் சரியாக வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் முக்கால்வாசி வரும்.

ஒரு பக்கத்தில் தேதிகளை எழுதுங்கள்

ஒரு தாள் எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். தேதி, என்ன நடந்தது, யார் சொன்னது. மூன்றாவது பத்திதான் உயிர்நாடி, அதை விட்டுவிட்டால் இது வெறும் பொது அறிவுக் குறிப்பாகிவிடும்.

எழுத ஆரம்பித்த உடனே ஒரு வேடிக்கை தெரியும்: கம்பெனி எந்த நாளில் பிறந்தது என்பதே தெளிவாக இருக்காது. கூகுளை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் பேக்ரப் என்ற பெயரில் தேடல் ஆராய்ச்சியில் இறங்கியது 1996-இல். கூகுள் என்ற டொமைன் பெயர் பதிவானது 1997 செப்டம்பரில். முதலீட்டாளர் ஆண்டி பெக்டால்ஷைம் 'கூகுள் இன்க்' என்ற பெயருக்கு ஒரு லட்சம் டாலர் காசோலை எழுதிக் கொடுத்தது 1998 ஆகஸ்ட், அப்போது அப்படி ஒரு கம்பெனியே இல்லை, காசோலையை வங்கியில் போடுவதற்காகவே கம்பெனியைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவானது செப்டம்பர் 4. பிறந்தநாள் கொண்டாடுவதோ செப்டம்பர் 27. இதை ஒருவர் படமாக எடுத்தால் எந்த நாளில் தொடங்குவார்? ஆராய்ச்சி நாளில் தொடங்கினால் அது இரண்டு மாணவர்களின் கதை, காசோலையில் தொடங்கினால் அது பணத்தின் கதை. டைரக்டரின் சாய்வு இங்கேயே தெரிந்துவிடும்.

ஆப்பிளுக்கும் இதே கதை. கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது 1976 ஏப்ரல் 1. கம்பெனியாகப் பதிவானது 1977 ஜனவரி 3, அதாவது மைக் மார்க்குலா பணத்தோடும் அனுபவத்தோடும் உள்ளே வந்த பிறகு. இடையில் உள்ள ஒன்பது மாதத்தில்தான் எல்லா நாடகமும்.

தேதிகளை எங்கே எடுப்பது? கம்பெனியின் சொந்த வரலாற்றுப் பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி, அதற்குப் பிறகு பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின். 1996-க்குப் பிறகு பிறந்த கம்பெனி என்றால் அதன் ஆரம்பகால முகப்புப் பக்கமே பெரும்பாலும் அங்கே கிடைக்கும். அதைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனால், திரையில் அந்தப் பக்கம் வரும்போது கிடைக்கிற சந்தோஷம் தனி. மவுண்டன் வியூவில் இருக்கும் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் பழைய பொறியாளர்களிடம் எடுத்த நீண்ட பேட்டிகளின் எழுத்து வடிவத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. நீளம்தான், சில இடங்களில் கொட்டாவி வரும், ஆனால் யாருக்கு யார் மேல் இன்னும் கோபம் இருக்கிறது என்பது அதில் தெரியும் அளவுக்கு வேறு எங்கேயும் தெரியாது.

விடுபட்ட ஆளைத் தேடுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் ஆரம்பத்திலும் போட்டோவில் இல்லாத ஒரு ஆள் இருப்பார். படத்தின் இதயம் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும், அல்லது அவரை மொத்தமாக வெட்டியிருப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் நமக்கு விஷயம் தெரியும்.

ஆப்பிளில் அந்த ஆள் ரொனால்ட் வேய்ன். முதல் ஒப்பந்தத்தில் ஜாப்ஸுக்கு 45 சதவீதம், வாஸ்னியாக்குக்கு 45, இவருக்கு 10. இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வயதில் மூத்த ஒருவர் வேண்டும் என்பது ஏற்பாடு. பன்னிரண்டே நாளில் விலகிவிட்டார். கூட்டு வணிகத்தில் கடன் வந்தால் கூட்டாளி ஒவ்வொருவரும் சொந்தப் பொறுப்பில் கட்ட வேண்டும், மூன்று பேரில் பிடுங்கிக்கொள்ளச் சொத்து என்று இருந்தது இவரிடம் மட்டும்தான். 800 டாலர் வாங்கிக்கொண்டு போனார், பிறகு எந்த உரிமையும் கோரமாட்டேன் என்பதற்கு இன்னொரு 1,500. அந்த ஒப்பந்தத் தாள் மட்டும் 2011-இல் ஏலத்தில் கிட்டத்தட்ட 16 லட்சம் டாலருக்குப் போனது. ஆளைப் பார்த்து உச்சுக் கொட்டுவது சுலபம், ஆனால் அன்றைக்கு அவர் இடத்தில் இருந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மைக்ரோசாஃப்டில் ஆள் விடுபடவில்லை, பங்குதான் தேய்ந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் முதலில் பிரித்துக்கொண்டது 60-க்கு 40, பிறகு அது 64-க்கு 36 ஆனது. ஆலன் 2011-இல் எழுதிய நினைவுக் குறிப்பில் இதை மறக்காமல் சொல்கிறார். அத்தனை வருஷம் கழித்தும், அத்தனை கோடி சம்பாதித்த பிறகும் அந்த எண் உறுத்துகிறது என்றால் அதில் ஒரு காட்சி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

டெஸ்லாவை 2003-இல் பதிவு செய்தவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்ப்பெனிங்கும். ஈலான் மஸ்க் முதலீட்டாளராக வந்தது 2004-இல். நிறுவனர் என்று யார் போட்டுக்கொள்ளலாம் என்ற சண்டை 2009-இல் நீதிமன்றம் வரை போய், ஐந்து பேர் அப்படிப் போட்டுக்கொள்ளலாம் என்று சமரசம் ஆனது. அதாவது நிறுவனர் என்பது நடந்து முடிந்த உண்மை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கே அதை உட்கார்ந்து பேரம் பேசி எழுதியிருக்கிறார்கள்.

இந்த ஆட்களைக் கண்டுபிடிக்க இரண்டு இடம் போதும். ஒன்று, வழக்கு ஆவணங்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் சாட்சியாக வைக்கப்படும் பழைய மின்னஞ்சல்களில் பல பொதுவில் வந்துவிடும், இருபது வயதில் நள்ளிரவில் அடித்த மெயில் எல்லாம் அதில் கிடக்கும். இரண்டாவது, பங்குச் சந்தைக்கு வரும் முன் கம்பெனி தாக்கல் செய்யும் எஸ்-1 என்ற ஆவணம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசம். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், வழக்குகள் என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். ஸ்னாப்சாட் யோசனை தன்னுடையது என்று வழக்குப் போட்ட ரெஜி பிரவுனுக்கு 15 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து முடித்தார்கள் என்ற எண், 2017-இல் அந்த ஆவணத்தின் வழியாகத்தான் வெளியே வந்தது. அதுவரை தொகையைப் பற்றிக் கம்பெனி மூச்சு விடவில்லை.

கட்டுக்கதைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

கார் ஷெட். இந்தப் படங்களில் கார் ஷெட் காட்சி இல்லாமல் இருக்காது. ஹியூலெட்டும் பேக்கர்டும் எச்.பி. கம்பெனியை பாலோ ஆல்டோவில் ஷெட்டில் ஆரம்பித்தார்கள், அது உண்மை. அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டதால் பிறகு வந்த எல்லாரும் தங்களுக்கும் ஒரு ஷெட் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆப்பிளின் ஷெட் பற்றி வாஸ்னியாக்கே, அங்கே பெரிய வடிவமைப்பு வேலை எதுவும் நடக்கவில்லை, அது கொஞ்சம் கட்டுக்கதைதான் என்று சொல்லியிருக்கிறார்.

இதைவிடச் சுவாரசியம் ஈபே. நிறுவனர் பியர் ஒமிட்யாரின் வருங்கால மனைவி 'பெஸ்' என்ற மிட்டாயின் டப்பாக்களைச் சேகரிப்பவர், அவருக்கு டப்பா மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்க வேண்டும் என்றுதான் தளமே தொடங்கப்பட்டது என்று வருஷக்கணக்கில் எழுதினார்கள். பத்திரிகைகளுக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டும் என்று மக்கள் தொடர்புப் பிரிவு உண்டாக்கிய கதை அது. நிஜத்தில் 1995-இல் அங்கே முதலில் விற்றது உடைந்த ஒரு லேசர் பாயிண்டர், விலை 14.83 டாலர். எனக்கென்னவோ உடைந்த லேசர் பாயிண்டர்தான் நல்ல சினிமா.

ஆக, நீங்கள் காத்திருக்கும் கம்பெனிக்கும் இப்படி ஒரு அழகான கதை இருக்கும். கதை ரொம்ப அழகாக, ஒரு வரியில் சொல்லிவிடும்படி, காதலோ ஏழ்மையோ கலந்து இருந்தால் அதை 'சந்தேகம்' என்று தனியாகப் போட்டு வையுங்கள். படத்தில் அது எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

தொழில்நுட்பம் கொஞ்சம் போதும்

முழுசாகப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும்: இது ஏன் அந்த வருஷம் நடந்தது, ஐந்து வருஷம் முன்னால் ஏன் நடக்கவில்லை? ஆப்பிளுக்கு விடை ஒரு சில்லு. 1975-இல் மாஸ் டெக்னாலஜி 6502 என்ற ப்ராசஸரை 25 டாலருக்கு விற்றது. அப்போது மற்றவர்களின் சில்லு விலை இதைப் போலப் பல மடங்கு. சம்பளக்காரப் பொறியாளர் ஒருவர் கைக்காசைப் போட்டு வாங்கி வீட்டில் வைத்து நோண்டலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. ஃபேஸ்புக்குக்கு விடை சில்லில் இல்லை. ஃப்ரெண்ட்ஸ்டர், மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளங்கள் ஏற்கனவே இருந்தன, ஆனால் ஒரு கல்லூரியின் மின்னஞ்சல் முகவரி இருந்தால்தான் உள்ளே வரலாம் என்ற கட்டுப்பாடுதான் ஆட்களை நிஜப் பெயரோடு வரவைத்தது. இது தெரிந்தவருக்குப் படத்தில் அந்த இடம் ஒரே வசனத்தில் கடந்து போனாலும் பிடிபடும், மற்றவர்கள் அடுத்த சண்டைக்குக் காத்திருப்பார்கள்.

ட்ரெய்லரை எப்படிப் பார்ப்பது

ஒன்று பாருங்கள், அதோடு நிறுத்துங்கள். நடந்த கதைக்கு ஸ்பாய்லர் ஏது என்று கேட்பீர்கள். கதைக்கு இல்லைதான், கம்பெனி ஜெயித்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதை எந்த வடிவத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் படங்களின் ஆச்சரியமே. 2015 ஜாப்ஸ் படம் பிறப்பிலிருந்து இறப்பு வரை போகாமல், 1984, 1988, 1998 என்று மூன்று அறிமுக விழாக்களுக்கு முந்தைய மேடைக்குப் பின்னாலேயே முழுக் கதையையும் முடித்துவிடும். அதை முன்னாலேயே யாராவது சொல்லிவிட்டால் பாதிச் சுவை போச்சு. (இப்போது நான் சொல்லிவிட்டேன், படம் வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதால் மன்னிக்கலாம்.) அதனால் இரண்டாவது ட்ரெய்லர், மூன்று நிமிடக் காட்சித் துண்டு, படப்பிடிப்புத் தள வீடியோ எதையும் தொடாதீர்கள்.

பார்க்கும் அந்த ஒன்றையும் முதலில் சத்தத்தோடு, அப்புறம் சத்தமில்லாமல் பாருங்கள். ட்ரெய்லரில் ஒரு காட்சியின் வசனத்தை வேறொரு காட்சியின் மேல் போட்டிருப்பார்கள், அதனால் ஹீரோ யாரைத் திட்டுகிறார் என்று காதை நம்பி முடிவுக்கு வரக்கூடாது. சத்தம் இல்லாமல் பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும்: எத்தனை வருஷத்தைப் படம் தொடுகிறது, மானிட்டர்கள் எந்தக் காலத்தவை, யார் எத்தனை முறை தனியாக நிற்கிறார்.

முக ஒற்றுமைக்கு வருவோம், கேட்காமல் விடமாட்டீர்கள். 2013-இல் ஜாப்ஸாக நடித்த ஆஷ்டன் கட்சர் அச்சு அசலாக இருந்தார், 2015-இல் நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் துளியும் ஜாப்ஸ் மாதிரி இல்லை. எது நல்ல நடிப்பு என்று இரண்டையும் பார்த்தவர்களிடம் கேளுங்கள். ஒற்றுமையை வைத்து ஒரு படத்தையும் முன்கூட்டி எடை போட முடியாது.

கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

ரிலீஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது படிப்பதை நிறுத்திவிடுங்கள். எழுதி வைத்த தாளின் பின்பக்கத்தில் மூன்று ஊகம் மட்டும் எழுதுங்கள்: முதல் காட்சி எது, கடைசிக் காட்சி எது, யாரைக் காட்டவே மாட்டார்கள். கூட வரும் நண்பர்களையும் எழுதச் சொல்லுங்கள், பந்தயம் என்ன என்பது உங்கள் இஷ்டம். மூன்றாவது ஊகம் சரியாக வந்தால் அதற்கு இரட்டை மதிப்பெண், ஏனென்றால் அதுதான் கஷ்டம். 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் பெண் கிடைக்காத கோபத்தில் எல்லாம் தொடங்குகிற மாதிரி வரும். நிஜத்தில் ஸக்கர்பர்க் 2003-லேயே பிரிசில்லா சானைச் சந்தித்துவிட்டார், பிறகு அவரைத்தான் கல்யாணமும் செய்துகொண்டார். படத்தில் அந்தப் பெண் இல்லவே இல்லை. அவர் இருந்திருந்தால் சோர்கின் கட்டிய முதல் காட்சியே நிற்காது.

தியேட்டரில் உட்கார்ந்து போனை எடுத்து எது உண்மை எது பொய் என்று தேடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் காதில் "இது நடக்கவே இல்லை" என்றும் சொல்லாதீர்கள். படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த ஆசை அடக்க முடியாமல் வரும், பாப்கார்ன் வாயில் இருக்கும்போது அடங்கும்.

வீட்டுக்கு வந்ததும் உடனே சரிபார்க்க உட்கார வேண்டாம். ஒரு இரவு போகட்டும். மறுநாள் தாளை எடுத்து, படத்தில் ரொம்ப சினிமாத்தனமாக இருந்த இடங்களை முதலில் தேடுங்கள், ஏனென்றால் அங்கேதான் ஏமாறுவோம். ஃபேஸ்புக்குக்கு முன்னால், மாணவிகளின் படங்களை ஒப்பிட்டு மதிப்பிடும் ஃபேஸ்மாஷ் என்ற தளத்தைச் செய்யும் அந்த இரவில் ஸக்கர்பர்க் தட்டச்சு செய்துகொண்டே பேசுவது வசனகர்த்தாவின் கைவரிசை என்று பலர் நினைத்தார்கள், அது பெரும்பாலும் அவர் 2003-இல் இணையத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்தே எடுத்தது. மறுபக்கம், அதே பெயருள்ள வீடியோ கேம் பற்றிய 'டெட்ரிஸ்' படத்தின் (2023) மாஸ்கோ கார் துரத்தல் முழுக்க முழுக்கக் கற்பனை. தாளில் இன்னொரு பத்தி கோடு போட்டு அதில் நடந்தது, நடக்காதது, இடம் மாற்றியது என்று மூன்றே குறி போடுங்கள். இடம் மாற்றியதுதான் அதிகம் வரும்: வேறு வருஷத்தில் நடந்த சண்டையை இந்த வருஷத்துக்குக் கொண்டு வந்திருப்பார்கள், மூன்று ஆட்களை ஒரே ஆளாக்கியிருப்பார்கள்.

அப்புறம் படம் முடிந்து கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரி வருமே, இன்னார் இப்போது எங்கே இருக்கிறார், எத்தனை கோடிக்கு வழக்கு முடிந்தது என்று, அதைப் படிக்காமல் எழுந்து போய்விடாதீர்கள். வக்கீல்கள் வார்த்தை வார்த்தையாகப் பார்த்துவிட்டு விட்ட வரிகள் அவை, தாளில் முதலில் சரிபார்க்க வேண்டியதும் அவற்றைத்தான்.